பனிநீரும் பஷ்மினாவும்: லடாக் மலைநாடு

இமயமலை என்றவுடன் பசுங்காடுகளும் பாய்ந்தோடும் அருவிகளும் நம் நினைவில் எழுகின்றன. இமயத்தின் பெருந்தொடரைத் தாண்டி வடபால் இறங்குவோர்க்கோ காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. பருவமழை மேகங்களை அப்பெருந்தொடர் தடுத்து நிறுத்திவிடுவதால், அதற்கு அப்பாலுள்ள லடாக் உயர்ந்த மலைகள் நிறைந்த குளிர்ப் பாலையாக விளங்குகிறது. அந்நாட்டின் தலைமை நகரான லே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் அங்கு விழும் மழையையும் பனியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 10 சென்டிமீட்டர் அளவே ஆகிறது. ஐப்பசி அடைமழையில் நம் கடற்கரை ஊர்களில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்துவிடுவதை நாம் அறிவோம்.

இத்தகைய நிலத்திலும் மக்கள் நெடுங்காலமாக உழுது பயிரிட்டு வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி லடாக்கின் மக்கள் தொகை ஏறத்தாழ 2,74,000. அங்குள்ளோர் வாற்கோதுமை விளைவிக்கின்றனர், ஆட்டு மயிரைச் சீவி எடுத்து விற்கின்றனர், தறியிட்டு நெய்கின்றனர். உழவும் நெசவும் நம் அங்கத்தினர்களின் தொழில்களே. ஆதலின் அம்மலைநாட்டின் இயல்பையும், அங்கு அண்மைக் காலத்தில் பெருகியுள்ள சுற்றுலாவால் விளைந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடல் மலையான வரலாறு

லடாக்கின் பாறைகள் நிலநூலார்க்கு ஒரு திறந்த ஏடு போன்றவை. காடும் புல்லும் மூடாமையால் பாறையின் அடுக்குகளும் மடிப்புகளும் வெறுங்கண்ணுக்கே புலனாகின்றன.

கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னர் இந்திய நிலப்பகுதி தெற்கே தனித்து நின்றது. அதற்கும் ஆசியப் பெருநிலத்துக்கும் இடையே டெதிஸ் என்று நிலநூலார் பெயரிட்டுள்ள கடல் பரந்திருந்தது. இந்தியா வடக்கு நோக்கி நகர நகர, அக்கடலின் அடித்தளம் ஆசியாவின் விளிம்புக்குக் கீழே அமிழ்ந்தது. ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, நிலத்துக்குள்ளேயே மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. லே நகருக்கு வடக்கே நிற்கும் லடாக் மலைத்தொடர் பெரும்பாலும் அக்கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன் இரு நிலங்களும் மோதின. இடையில் அகப்பட்ட கடலடிப் படிவுகள் மடிந்து நொறுங்கி உயர்ந்தன. சிந்து ஆற்றுக்குத் தெற்கேயுள்ள சன்ஸ்கார் மலைத்தொடரில் சுண்ணாம்புக் கல்லும், பழங்காலக் கடலுயிர்களின் பதிவுகளும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

இவ்விரு தொடர்களுக்கும் நடுவே, மோதலின் தழும்பையொட்டிச் சிந்து ஆறு ஓடுகிறது. உப்ஷி என்னும் ஊரிலிருந்து மணாலி செல்லும் சாலையில் ஏறினால், செந்நிறமும் பசுநிறமும் ஊதாவும் கலந்த பாறை அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஒருகாலத்தில் ஆறுகள் கிடையாகப் பரப்பிய மணலும் களியுமே இறுகிப் பின்னர் இவ்வாறு நிமிர்ந்துவிட்டன. லாமாயூரு என்னும் ஊரில், வற்றிப்போன பழைய ஏரியின் மஞ்சள் நிறக் களிமண் காற்றாலும் நீராலும் அரிக்கப்பட்டு விந்தையான உருவங்களாக நிற்கிறது. பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அங்கு வெண்காரமும் கந்தகமும் கிடைக்கின்றன. வெளியே வழியற்ற பள்ளங்களில் தேங்கிய நீர் உப்பேறிப் பாங்காங், சோ கர் போன்ற ஏரிகளாகியுள்ளது. சோ கர் ஏரிக்கரையில் படியும் உப்பை வாரிச் சென்று உழவர்களிடம் வாற்கோதுமைக்கு மாற்றிக்கொள்வது அங்குள்ள நாடோடி மக்களின் பழைய வாணிகமாக இருந்தது.

ஓடையின் வாயில் ஊர்

மலைப் பாறையின் வெடிப்புகளில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிவதால் பாறை பிளக்கிறது. பிளந்த கல்லையும் மணலையும் பனி உருகிய நீர் அடித்துக்கொண்டு வந்து, ஓடை பள்ளத்தாக்கில் திறக்கும் இடத்தில் விசிறிபோல் பரப்புகிறது. லடாக்கின் ஊர்களில் பல இத்தகைய விசிறி நிலங்களின் மேல் அமைந்தவையே. அங்கு மண் இருக்கிறது. மேலிருந்து நீரும் வருகிறது. சிந்து போன்ற பேராறு அருகில் ஓடினும், அது ஆழமான பள்ளத்தில் ஓடுவதால் உழவர்க்கு உதவுவது குறைவு. ஊரின் உயிர் பக்கத்து ஓடையில்தான் உள்ளது. அவ்வோடைக்கு முதல், உச்சியிலுள்ள பனிப்பாறையும் குளிர்காலத்தில் விழுந்த பனியுமே.

இங்குதான் உழவரின் இடர்ப்பாடு தொடங்குகிறது. உயரமான ஊர்களில் ஆண்டுக்கு ஒரு போகமே விளையும். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தால்தான் குளிர் திரும்புமுன் அறுவடை முடியும். மிக உயரத்திலுள்ள பனிப்பாறையோ ஜூன் மாதத்துக்குப் பின்னரே நன்கு உருகுகிறது. விதைக்கும் வேளையில் ஓடையில் நீர் மெலிந்தே வரும். அந்த மெலிந்த நீரை அனைவரும் பங்கிட்டாக வேண்டும்.

இதற்கென அவ்வூரார் பழமையான ஏற்பாடு ஒன்றைக் காத்து வருகின்றனர். ஓடையிலிருந்து பிரியும் வாய்க்காலை ‘யூரா’ என்றும், இரவில் வரும் நீரைத் தேக்கிப் பகலில் திறந்துவிடும் சிறு குளத்தைச் ‘சிங்’ என்றும் அவர்கள் அழைக்கின்றனர். நீர்ப்பங்கீட்டை மேற்பார்க்க ‘சுர்பொன்’ என்னும் பொறுப்பாளரை ஊரார் அமர்த்துகின்றனர். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது, யார் முறை முடிந்தது, வாய்க்காலை எவர் எவர் கூடித் தூர் வாருவது என்பனவெல்லாம் அவர் பார்வையில் நடைபெறும். முறை தவறி மடை திறந்தவர் ஊரார்க்கு விடை சொல்ல வேண்டும். நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்யும் பணிக்கு இது மிகவும் நெருங்கியது.

வீட்டு அமைப்பிலும் இச்சிக்கனம் காணப்படுகிறது. லடாக்கின் பழைய கழிப்பறைக்கு நீரே வேண்டியதில்லை. மேல்தளத்தில் துளையும், கீழே மண்ணும் சாம்பலும் இட்ட அறையும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அம்மட்கு வயலுக்கு எருவாகச் செல்லும். மழையும் மரமும் அரிய நாட்டில் மண்ணின் வளம் குன்றாமல் காத்ததில் இவ்வேற்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

சாங்தாங்கின் பஷ்மினா

லடாக்கின் கிழக்கே, திபெத்து எல்லையை ஒட்டி, 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் சாங்தாங் என்னும் மேட்டு நிலம் பரந்துள்ளது. அங்கு உழவுக்கு இடமில்லை. சாங்பா என்னும் நாடோடி மக்கள் ஆடும் யாக்கும் மேய்த்து, புல் உள்ள இடம் தேடிப் பெயர்ந்து வாழ்கின்றனர். கடுங்குளிரைத் தாங்க அங்குள்ள வெள்ளாட்டின் முரட்டு மயிருக்கு அடியில் மென்மையான உள்மயிர் வளர்கிறது. அதுவே பஷ்மினா. அதன் தடிப்பு 12 முதல் 14 மைக்ரான். மனிதத் தலைமயிரின் தடிப்பு இதனைப்போல் பல மடங்கு. கோடை தொடங்குகையில் ஆடு தானே அம்மயிரை உதிர்க்கும். அப்போது சீப்பால் சீவி எடுக்கின்றனர். ஓர் ஆட்டில் கிடைப்பது ஏறத்தாழ கால் கிலோ. அதிலும் முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் பாதிக்கும் குறைவாகவே எஞ்சும்.

இச்சரக்கின் வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1684ஆம் ஆண்டு திங்மோஸ்காங் உடன்படிக்கையின்படி, இம்மயிரை வாங்கும் தனியுரிமை காஷ்மீர வணிகர்க்குச் சென்றது. அந்நாள் முதல் சாங்பா மக்கள் மூலப்பொருளை விற்போராகவும், நூற்பும் நெசவும் பெருவிலையும் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் சேர்வனவாகவும் நெடுங்காலம் நிலவியது. சாங்பா மக்கள் நெசவறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். பெண்டிர் இடுப்பில் வார் கட்டிப் பாவை இழுத்துப் பிடித்து நெய்கின்றனர். ஆடவர் கால் மிதித் தறியில் நெய்கின்றனர். யாக் மயிரில் குறுகிய பட்டைகளாக நெய்து இணைத்த ‘ரெபோ’ என்னும் கூடாரமே அவர்தம் இல்லம். ஆட்டுக் கம்பளியில் நெய்த ‘நம்பு’ என்னும் துணி லடாக்கியரின் நீண்ட அங்கிக்குப் பயன்படுகிறது.

அண்மைக் காலத்தில் நிலைமை சிறிது திருந்தியுள்ளது. சாங்தாங் பஷ்மினா வளர்ப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்று இயங்கி வருகிறது; லே நகரில் முரட்டு மயிரைப் பிரித்தெடுக்கும் ஆலை நிறுவப்பட்டுள்ளது. மகளிர் நெசவாளர் கூட்டுறவாக ‘லூம்ஸ் ஆஃப் லடாக்’ தோன்றி, நூற்பு முதல் ஆடை வரை உள்ளூரிலேயே செய்து விற்கிறது. சுற்றுலாவினர் இதற்கு நல்ல சந்தையாக உள்ளனர். எனினும் அதே கடைத்தெருவில் வேற்றூர் ஆலைகளில் நெய்த செயற்கை இழைச் சால்வைகளும் ‘பஷ்மினா’ என்ற பெயரால் மலிந்துள்ளன. உண்மையான பஷ்மினா இழை மிகக் குறுகியதும் மெல்லியதும் ஆகையால் ஆலைக் கதிரின் வேகத்தைத் தாங்காது. ஆலையில் நூற்போர் நைலானைத் துணைக்குக் கலந்து, பின்னர் அதனைக் கரைத்து நீக்குவதும் உண்டு. அதனால் இழை வலுக்குன்றும். தூய பஷ்மினாவை இனங்காணவும் பெயரிடவும் உரிய தர நிர்ணயத்தை இந்தியத் தர நிறுவனம் 2019இல் வெளியிட்டது. கைத்தறி முத்திரைக்காகப் போராடும் நம் நெசவாளர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

விருந்தினர் வெள்ளம்

திபெத்தோடும் யார்க்கண்டோடும் இருந்த பழைய வாணிகம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லைகள் மூடப்பட்டதால் நின்றுபோயிற்று. நெடுநாள் வெளியார் புகாதிருந்த லடாக், 1974இல் சுற்றுலாவினர்க்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு வந்தவர் சில நூற்றுவரே. 2022ஆம் ஆண்டிலோ 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நாட்டின் மக்கள் தொகையைக் காட்டிலும் வருவோர் தொகை மிகுந்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. முன்பு பண்டமாற்றில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கைப்பணம் கிடைத்தது. வண்டியோட்டியும் வழிகாட்டியும் தங்குமிடம் நடத்தியும் இளைஞர் பிழைக்கின்றனர். ஆப்ரிகாட் பழமும் உலர்பழமும் விலை போகின்றன. இந்நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் விருந்தினர் வரும் மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வயல் நீர் கேட்கும் மாதங்களும் அவையே. விடுதிகள் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகளையும் நாள்தோறும் குளிக்கும் வசதியையும் அளிக்கின்றன. இதற்கு நீர் எங்கிருந்து வரும்? லே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஓடை நீருக்குச் சுர்பொன் உண்டு. நிலத்தடி நீருக்கு முறை வைப்பார் எவரும் இல்லை. வலுவுள்ளவர் ஆழமாகத் தோண்டி மிகுதியாக இறைக்கின்றனர். விடுதிகளின் உறிஞ்சு குழிகளிலிருந்து கசியும் கழிவு அதே நிலத்தடி நீரில் கலக்கிறது. வருவாய் விடுதியில் சேர்கிறது. குறையோ ஊற்றை நம்பிய உழவன் தலையில் விழுகிறது.

நிலத்தின் இயல்பை மறப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2010 ஆகஸ்டு 5ஆம் நாள் இரவு, மழையறியாத அந்நாட்டில் மேகம் வெடித்துப் பெருமழை கொட்டியது. புல்பூண்டற்ற சரிவுகளிலிருந்து கல்லும் சேறும் ஓடை வழியே பாய்ந்து லே நகரையும் அண்டையிலுள்ள சோக்லம்சரையும் தாக்கின. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்ணைக் கொண்டுவந்து விசிறி நிலத்தை அமைத்த அதே ஓடைதான் அழிவையும் கொண்டுவந்தது. நகரம் பெருகியபோது ஓடையின் பழைய வழிகளிலேயே வீடுகள் எழும்பியிருந்தமையால் இழப்பு மிகுந்தது.

பனியைச் சேமிக்கும் முயற்சி

நீர் வேண்டும்போது இல்லை; வேண்டாத குளிர்காலத்தில் வீணே ஓடுகிறது. இம்முரண்பாட்டைத் தீர்க்க முனைந்தவர் சேவாங் நோர்பெல் என்னும் லடாக்கியப் பொறியாளர். அவர் 1987 முதல் செயற்கைப் பனிப்பாறைகளை அமைக்கலானார். குளிர்காலத்தில் ஓடை நீரை மலையின் நிழல் விழும் சரிவுக்குத் திருப்பி, வரிசையாகக் கட்டிய தாழ்ந்த கற்சுவர்களுக்குப் பின்னே மெல்லப் பரவவிட்டால் அது அடுக்கடுக்காக உறைகிறது. இது இயற்கைப் பனிப்பாறையைவிடத் தாழ்ந்த இடத்தில், ஊருக்கு அருகில் இருப்பதால், ஏப்ரல் மாதத்திலேயே உருகத் தொடங்கும். விதைப்புக்கு நீர் கிடைக்கும். 2015இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சோனம் வாங்சுக் என்பார் இதனை வேறு வடிவில் செய்து காட்டினார். மேட்டிலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே மறுமுனையில் மேலே பீறிடும். அதற்கு எந்திரம் வேண்டா. கடுங்குளிரில் அத்துளிகள் உறைந்து கூம்பாக உயர்கின்றன. கூம்பு வடிவத்தில் பனியின் அளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு. ஆகையால் நெடுநாள் உருகாமல் நிற்கும். பௌத்தத் தூபியைப் போன்ற தோற்றத்தால் இதற்குப் ‘பனித் தூபி’ என்று பெயர். 2013-14 குளிர்காலத்தில் இதன் முதல் மாதிரி அமைக்கப்பட்டது.

ஒன்றை நாம் தெளிவாக உணரவேண்டும். இம்முறைகள் புதிதாக ஒரு துளி நீரையும் படைப்பதில்லை. குளிர்கால நீரை வேனிலுக்கு மாற்றித் தருகின்றன, அவ்வளவே. மேலூரார் தேக்கினால் கீழூரார்க்கு என்ன குறையும் என்ற வினா எழத்தான் செய்யும். அதற்கு விடை பொறியியலில் இல்லை. இரு ஊராரும் கூடி அமர்ந்து பங்கை முடிவுசெய்வதில்தான் உள்ளது. குழாயும் சுவரும் பழுதுபட்டால் குளிரில் ஏறிச் செப்பனிடவும் ஊராரே வேண்டும்.

முறைவைத்து விருந்தோம்பல்

சுற்றுலாவுக்கும் இதே முறையைப் பொருத்திய ஊர்கள் உண்டு. ஹேமிஸ் தேசியப் பூங்காவிலுள்ள ரும்பாக் முதலிய சிற்றூர்களில், பனிச்சிறுத்தைக் காப்புக் குழுவினரின் துணையோடு 2002 முதல் இல்லங்களில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாடு தொடங்கியது. விருந்தினர் வந்தால் எந்த வீட்டுக்கு முறையோ அந்த வீட்டுக்கே அனுப்பப்படுவர். வீடுகள் போட்டியிட்டு விலையைக் குறைப்பதில்லை. வலியவர் அனைத்தையும் கவர்ந்துகொள்வதும் இல்லை. வருவாயில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஊர்ப் பொதுநிதிக்குச் செல்கிறது. வீட்டைப் பேணும் பெண்டிர் கையில் பணம் சேர்கிறது. விருந்தினர் வீட்டார் உண்பதையே உண்டு, நீரில்லாக் கழிப்பறையையே பயன்படுத்துகின்றனர்.

இதனால் காட்டு விலங்கின் மீதும் மக்கள் பார்வை மாறியது. பட்டியில் புகுந்த பனிச்சிறுத்தை ஓரிரவில் பல ஆடுகளைக் கொல்வதுண்டு; ஊரார் பழிதீர்க்க அதனைக் கொன்றதும் உண்டு. இன்று பட்டிக்கு மேலே வலையிட்டுக் காக்கின்றனர்; சிறுத்தையைக் காண வரும் விருந்தினரால் குளிர்காலத்திலும் வருவாய் பெறுகின்றனர். 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில் வாழ்கின்றன.

சாங்தாங்கிலுள்ள ஹன்லே என்னும் ஊர் வேறொரு வழியைக் காட்டுகிறது. நம் கொடைக்கானல், காவலூர் ஆகிய இடங்களில் வானாய்வுக் கூடங்களை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே அங்கும் 14,700 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் தொலைநோக்கி நிறுவியுள்ளது. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் தம் விளக்கொளியை மறைத்து அடக்கிக்கொள்கின்றனர். உள்ளூர் இளைஞரும் பெண்டிரும் பயிற்சி பெற்று, சிறு தொலைநோக்கியால் விருந்தினர்க்கு விண்மீன்களைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

நம் அங்கத்தினருள் எவரேனும் லடாக் செல்ல நேர்ந்தால் முதல் இரண்டு நாட்கள் லே நகரில் ஓய்ந்திருத்தல் வேண்டும். அவ்வுயரத்தில் மூச்சுக்காற்று மெலிவு; விரைந்து மேலேறுவோர்க்குத் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு உண்டாகும். குறிகள் முற்றினால் கீழே இறங்குவதே மருந்து. எல்லைப் பகுதிகளுக்கு முன் அனுமதி பெறவேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். கூடுமானவரை ஊரார் இல்லங்களில் தங்குக. நீரை அளந்து செலவிடுக. சால்வை வாங்குவதாயின் நூற்றவர் யார், நெய்தவர் யார் என்று வினவிக் கூட்டுறவுக் கடைகளில் வாங்குக.

லடாக்கின் பனிப்பாறைகள் சுருங்கி வருகின்றன; விருந்தினர் தொகை பெருகி வருகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஊர்களுக்குப் பழைய சுர்பொன் முறையே துணை. அம்முறையை விடுதிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் விரிவாக்க இயலுமா என்பதே இன்று அவர்கள் முன்னுள்ள வினா. ஓடையில் இயன்றது, விருந்தோம்பலில் இயன்றது. நிலத்தடி நீரிலும் இயலவேண்டுமாயின், மிகுதியாக எடுப்பவர் முதலில் கணக்குக் காட்ட முன்வர வேண்டும். பொதுச் சொத்தொன்றைப் பலர் கூடி ஆளும் எந்தச் சங்கத்துக்கும் இது பொருந்தும்.